பாம்புக்கு நம் கை தேவையில்லை

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பாம்பு வளர்க்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. கடையில் விற்பவர் சொல்வார். ஏற்கெனவே நான்கைந்து பாம்பு வைத்திருக்கும் நண்பர் சொல்வார். செல்லப் பிராணிக் கண்காட்சியில் கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுக்கொண்டு நிற்கும் இளைஞரும் அதையேதான் சொல்வார்: "தினமும் கையில எடுங்க. அரை மணி நேரமாவது வச்சிருங்க. அப்பதான் பழகும். விட்டுட்டீங்கன்னா முரடாயிரும்."

இது தவறு. பல பாம்புகளின் உடலைக் கெடுக்கும் தவறு. சில நேரம் வளர்ப்பவரையே ஆபத்தில் கொண்டுபோய் விடும் தவறு. பாம்பை எத்தனை முறை, எவ்வளவு நேரம் கையில் எடுக்கலாம் என்ற கேள்விக்கு நம் ஆசையை வைத்துக் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கைப் பாம்பின் உடலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் 'தினமும்' என்ற சொல்லுக்கு இடமே இருக்காது.

தினமும் எடுப்பவர்கள் காட்டும் முதல் சாட்சி பாம்பின் அமைதி. "பாருங்க, எவ்ளோ சாந்தமா இருக்கு!" நம் ஊரில் அதிகம் விற்கப்படும் பால் பைத்தனைத்தான் இப்படிச் சொல்வார்கள். அது கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பாம்பு. பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் ஒடுங்கிக் கிடந்து இரவில் வெளியே வரும். எதிரியைக் கண்டால் இது சீறிப் பாய்வது குறைவு. தலையை நடுவில் மறைத்துக்கொண்டு உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். அசையாமல் இருப்பதே அதன் தற்காப்பு. நம் மடியில் அது அசைவற்றுக் கிடக்கும்போது நாம் பார்ப்பது நிம்மதியாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். வேறுபாட்டைக் கண்டுகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. நிம்மதியான பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இடத்தை மோந்து பார்க்கும். உடல் தளர்ந்து, கைக்குக் கை மெதுவாக ஊர்ந்து போகும். அஞ்சிய பாம்பு நாக்கை நீட்டுவதை நிறுத்திவிடும். தொட்டவுடன் வெட்டி இழுக்கும். தலையை அக்குளுக்குள்ளோ சட்டைக்குள்ளோ புதைக்கும். நம்மவர்கள் புகைப்படம் எடுத்து "என்னோட கட்டிப்பிடிச்சுத் தூங்குது" என்று எழுதுவது பெரும்பாலும் இந்தக் கடைசி நிலையைத்தான்.

அடுத்த சாட்சி, உடலோடு ஒட்டிக்கொள்வது. மலைப்பாம்பு இனங்கள் பலவற்றுக்கு உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. இருட்டிலும் எலியின் உடற்சூட்டைக் கண்டுபிடிக்க அவை உதவுகின்றன. மனிதக் கையும் கழுத்தும் அந்தக் குழிகளுக்குச் சூடான இடங்கள், அவ்வளவுதான். பால் பைத்தன் கூண்டில் சூடான மூலை 31, 32 டிகிரி இருக்க வேண்டும். நம் வரவேற்பறையில் ஏர்கோன் 22இல் ஓடும். வெளியே எடுத்துக் குளிர்ந்த சோபாவில் விடப்பட்ட பாம்பு, தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்க முடியாத உயிர், அருகில் இருக்கும் ஒரே வெப்பத்தைத் தேடி நம் சட்டைக்குள் போகிறது. அரை மணி நேரம் கழித்து நாம் அதைக் கூண்டில் விடும்போது அதன் உடல் குளிர்ந்திருக்கும், செரிமானம் மந்தமாகியிருக்கும். அன்பு என்று நாம் படித்த நடத்தையின் காரணம் ஏர்கோன்.

பாம்புகளுக்குத் தோழமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கனடாவின் வில்ஃப்ரிட் லோரியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோர்கன் ஸ்கின்னரும் நோவம் மில்லரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கார்ட்டர் பாம்புகள் யாரோடு சேர்ந்திருப்பது என்பதில் விருப்பம் காட்டுகின்றன என்று கண்டார்கள். அந்த ஆய்வைக் காட்டி "பாம்பும் நம்மைத் தேடும்" என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அவை தேடியது மற்றப் பாம்புகளை.

இனி உடலின் கணக்குக்கு வருகிறேன். வாதத்தின் முதுகெலும்பு இங்கேதான் இருக்கிறது.

இரை விழுங்கிய பாம்பின் உடலில் நடப்பது நம் மதிய உணவு செரிமானத்தைப் போன்றது அல்ல. பர்மிய மலைப்பாம்பை வைத்துச் செய்த ஆய்வுகள் அதை விரிவாகக் காட்டியிருக்கின்றன. பெரிய இரை ஒன்றை விழுங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் அதன் இதயத்தின் எடை சுமார் 40 விழுக்காடு கூடுகிறது. சிறுகுடல் ஏறக்குறைய இரு மடங்காகத் தடிக்கிறது. ஈரலும் சிறுநீரகங்களும் பெருக்கின்றன. உடலின் ஆற்றல் செலவு ஓய்வு நிலையைவிடப் பல மடங்காக ஏறுகிறது. இரை செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. அந்த நாட்களில் பாம்பு கேட்பது இரண்டே இரண்டு: வெப்பம், அசைவின்மை. அதைத் தூக்கி, வளைத்து, தோளில் போட்டு ஆட்டினால் இரையைக் கக்கிவிடும். ஒரு முறை கக்கினாலே வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கும். அடுத்த இரைக்குப் பத்துப் பதினான்கு நாளாவது காத்திருக்க வேண்டும். குட்டிப் பாம்பு அடுத்தடுத்துக் கக்கினால் பிழைப்பதே கடினம்.

ஆகவே இரைக்குப் பின் 48 மணி நேரம் கை படக்கூடாது. வயிறு புடைத்துத் தெரிந்தால், புடைப்பு அடங்கும் வரை. இதைக் கடைக்காரரும் சொல்வார். ஆனால் இந்த ஒரு விதியையே நேர்மையாகக் கடைப்பிடித்தால் அவர் சொன்ன 'தினமும்' என்ன ஆகிறது என்று கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு. வளரும் கார்ன் ஸ்நேக்குக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை இரை. பின்னால் இரண்டு நாள் போயிற்று. இரை கொடுக்கும் நாளும் போயிற்று. எலி வாசம் பட்ட கூண்டில் கையை விடுவது கடியைக் கேட்டு வாங்குவது. மிச்சம் இரண்டு முதல் நான்கு நாள். இதற்குள் சட்டை உரிக்கும் காலம் வரும். இளம் பாம்பு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை உரிக்கும். கண் பால் போல மங்கி, பார்வை குறைந்து, தோல் மென்மையாகி, எதைக் கண்டாலும் மிரளும் காலம் அது. கண் மங்குவதிலிருந்து சட்டை கழலும் வரை ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்கள் முழுவதும் அதை விட்டுவிட வேண்டும். எஞ்சியதில் பாம்பு தன் இயல்பில் ஊர்ந்து, ஒளிந்து, நீர் குடித்து, வெப்பத்துக்கும் குளிருக்கும் இடையே போய்வந்து இருக்க நாள் வேண்டாமா? வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம். வளர்ந்த, உடல்நலமுள்ள, பழகிய பால் பைத்தனுக்கும் கார்ன் ஸ்நேக்குக்கும் இதுவே போதும். குட்டிக்கு ஐந்து நிமிடம். புதிதாக வீட்டுக்கு வந்த பாம்பை முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம்; இரண்டு மூன்று முறை ஒழுங்காக இரை எடுத்த பிறகு தொடங்கலாம். இவை உச்சவரம்புகள். எட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

"அப்படி விட்டால் முரடாகிவிடுமே?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் கைபடாத பாம்பை ஒருநாள் மருத்துவரிடம் கொண்டுபோக நேர்ந்தால், அந்தப் பயணமே அதற்குக் கொடுமையாகிவிடும். வாயில் புண் இருக்கிறதா, வயிற்றுச் செதிலில் சிவப்பு இருக்கிறதா, உண்ணி ஏறியிருக்கிறதா, சட்டைத் துண்டு வால் நுனியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கையில் எடுக்கத்தான் வேண்டும். ஆகவே பழக்குவது தேவை. ஆனால் பழக்கம் நேரத்தின் நீளத்தால் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தீங்கின்றி முடிய வேண்டும். பாம்பு கற்றுக்கொள்வது அதைத்தான். மேலிருந்து கை இறங்கினால் பருந்து இறங்கியதாகவே அது எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் கையைக் கொண்டுபோங்கள். முதலில் கொக்கியால் உடலை மெதுவாகத் தொட்டு, இது இரை நேரம் அல்ல என்று தெரியப்படுத்துங்கள். கழுத்தை 'S' வடிவில் மடக்கினால், சீறினால், வாலை அதிரவைத்தால், அன்றைக்கு வேண்டாம். உடலை இரண்டு இடங்களில் தாங்கி எடுங்கள், தலையைப் பிடிக்காதீர்கள். அது கலவரப்படும் முன்னரே திருப்பி விடுங்கள். திமிறி, தளர்ந்து, கடைசியில் எதிர்ப்பைக் கைவிடும் வரை பிடித்து வைப்பதைத்தான் பலர் 'பழக்குவது' என்கிறார்கள். அது எதிர்த்துப் பயனில்லை என்று பாம்புக்குக் கற்பிப்பது. அப்படி அடங்கிய பாம்பு இரையை மறுக்கத் தொடங்கினால், வளர்ப்பவர் காரணத்தை எலியில் தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொரு வாதம் இருக்கிறது. எனக்கு மிகவும் கோபம் வருவது இதைக் கேட்கும்போதுதான்: "கையில் எடுத்தால்தான் அதற்கு உடற்பயிற்சி."

பயிற்சிக்கு நம் கை தேவைப்படும் அளவுக்கு ஒரு பாம்பை ஏன் வைத்திருக்கிறோம்? பல வீடுகளில் பாம்பு எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பின்னறையில் அடுக்கடுக்கான பிளாஸ்டிக் இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. கீழே செய்தித்தாள், ஒரு தண்ணீர்க் கிண்ணம். உடலை நேராக நீட்ட முடியாத நீளம். தலையைத் தூக்கினால் மூடி இடிக்கும் உயரம். வணிகத்துக்காக நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரிக்கவைப்பவர்கள் கண்டுபிடித்த முறை இது. ஒரே ஒரு பாம்பை வீட்டில் வைத்திருப்பவருக்கு இதில் எந்தத் தேவையும் இல்லை. இழுப்பறையில் 23 மணி நேரமும் சோபாவில் ஒரு மணி நேரமும் வாழும் பாம்புக்கு அந்த ஒரு மணி நேரம் விடுதலையாகத் தெரிகிறது என்றால், அது கையின் பெருமை ஆகாது. பெட்டியின் சிறுமை.

இதில் அறிவியல் என் பக்கம் நிற்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கார்ன் ஸ்நேக்குகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெறுமையான கூண்டில் சில பாம்புகள். வளமாக அமைத்த கூண்டில் சில. பழகிய மனிதரின் வாசனைக்கும் அறியாதவர் வாசனைக்கும் வேறுபாடு காட்டியவை வளமான கூண்டுப் பாம்புகளே. உங்களைப் பாம்பு அறிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், அதற்கான வழியும் கூண்டு வழியாகவே போகிறது. பாம்பின் நீளத்துக்குக் குறையாத கூண்டு. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, இரண்டிலும் ஒளிய இடம். ஏறக் கிளை, புதையத் தேங்காய் நார்த்தூள், உடல் நனைய நீர்த்தொட்டி. இவ்வளவையும் செய்துவிட்டுக் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். வர விரும்பும் நாளில் அதுவே வெளியே வரும். வராத நாளில் அதன் விடை தெரிந்துவிட்டது.

"தொடக்கூடாது என்றால் எதற்கு வளர்க்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அரோவானா மீனைப் பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கித் தொட்டியில் விடுபவர் அதைத் தினமும் கையில் எடுப்பதில்லை. அதனால் அவருக்கு அந்த மீனின் மீது பற்றில்லை என்று யாரும் சொல்வதில்லை. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, கூண்டு முன் உட்கார்ந்து, ஒரு பாம்பு தன் வளையிலிருந்து முதலில் மூக்கையும் பிறகு நாக்கையும் வெளியே விட்டுக் காற்றைச் சோதிப்பதைப் பார்த்தவருக்கு இந்தக் கேள்வி எழாது.

பாம்போடு பழகுவதில் நம்மவரை மிஞ்சிய இனமில்லை என்று பேசும்போது பாம்பாட்டிகளைச் சொல்வார்கள். பல் பிடுங்கிக் கூடையில் அடைத்து வைத்த நாகத்தை அதற்குச் சான்றாகக் காட்டுவது வெட்கக்கேடு. சொல்ல வேண்டியவர்கள் தமிழகத்துப் பழங்குடியினரான இருளர்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு விஷம் தருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கையும் பிடித்து வருகிறார்கள். பானையில் வைத்துத் துணியால் வாய் கட்டுகிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை வீதம் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இந்த மரபில் வந்தவர்கள். உலகில் எந்த வளர்ப்பாளரைவிடவும் பாம்பை அறிந்த மக்கள் இவர்கள். இவர்கள் பாம்பைத் தொடுவது தேவைக்கு. தொடும் நேரம் நிமிடக் கணக்கு. அதன் பின் விடுதலை. அவர்கள் அறிவு தொட்ட நேரத்திலிருந்து வந்ததல்ல. தடம் பார்த்து, எச்சம் பார்த்து, வளை வாயின் மண்ணைப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்தது.

நம் மலேசியாவில் இதற்கு நேர்மாறான ஒரு கதாநாயக மரபு உருவாகிவிட்டது: பாம்போடு எவ்வளவு நேரம் இருக்கிறாரோ அவ்வளவு பெரிய ஆள். 'பாம்பு ராஜா' என்று பெயர் பெற்ற அலி கான் சம்சுடின் 400 நாகங்களோடு நாளுக்கு 12 மணி நேரம் வீதம் 40 நாள் இருந்து காட்டியவர். 2006 டிசம்பரில் ராஜநாகம் கடித்து இறந்தார். பகாங்கில் பொம்பா எனும் தீயணைப்புப் படையில் வீரராக இருந்த அபு ஸரின் ஹுசின் வேறு வகை மனிதர். பாம்பைக் கொல்லாமல் பிடிப்பது எப்படி என்று சக வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அதற்காகவே ராஜநாகங்களை வீட்டில் வைத்துக் கவனித்தவர். அவர் பாம்பை மணந்தார் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் கட்டிவிட்ட கதை அவருக்குச் செய்த அநீதி. 2018 மார்ச்சில், பணியில் நாகம் ஒன்றைப் பிடிக்கப் போனபோது கடிபட்டு, 33 வயதில் உயிரிழந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் இந்த இருவரையும் காட்டி "பழகினால் பாம்பு நம்மை அறியும்" என்று சொல்பவர்களுக்கு எதிராக நான் பேசியே ஆக வேண்டும். அந்த இருவரளவுக்குப் பழகியவர்கள் நாட்டில் மிகச் சிலரே. இருந்தும் பாம்பின் எதிர்வினை ஒரு நொடியின் பாதியில் முடிந்துவிடுகிறது. அதற்குள் யாரையும் அடையாளம் காண அதற்கு நேரமில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் செமினியில் வாழும் எங்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. இந்த வட்டாரம் ரப்பர்த் தோட்டமாக இருந்தது, செம்பனையானது, பிறகு ஒவ்வொரு துண்டாகத் தாமான் எனும் குடியிருப்பானது. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் மலைப்பாம்பும் நாகமும் இருக்கும். மழைக்குப் பிறகு லோங்காங்கில், அதாவது வடிகாலில், சாவா எனும் மலைப்பாம்பு கிடக்கிறது என்று பொம்பாவை அழைப்பது இங்கே வழக்கம். அப்படிப் பிடிபட்ட குட்டிச் சாவாவை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய், "தினமும் எடுத்தால் பழகிவிடும்" என்று வளர்ப்பதும் நடக்கிறது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும், இது உலகின் மிக நீளமான பாம்பு இனம். இன்று தோளில் கிடப்பது சில ஆண்டுகளில் மூன்று நான்கு மீட்டர் ஆகும். 1995இல் ஜொகூர் சிகாமாட்டில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளி ஒருவரை சுமார் 7 மீட்டர்ச் சாவா நெரித்துக் கொன்றது. அவருக்கு வயது 29. மூன்று மீட்டரை நெருங்கும் எந்தப் பாம்பையும் தனியாளாகக் கையில் எடுக்கக்கூடாது. பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். 'தினமும்' என்று விதித்துவிட்டால், துணைக்கு ஆள் இல்லாத நாளும் அந்தத் தினத்தில் சேரும். ஆபத்து அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கும்.

நம் தோட்டத்து முன்னோர் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்தார்கள். பாம்பு பால் குடிப்பதில்லை. அந்த நம்பிக்கை பொய். ஆனால் நாகம்மன் புற்றுக்கு வேலி கட்டி, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, பாம்பு வந்தால் வழிவிட்டு நின்ற அந்த இடைவெளி பொய்யல்ல. இரண்டையும் ஒன்றாக மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிட்டோம்.

கடைசியாக, பிள்ளைகளின் பெயரால் நடப்பது. பேரங்காடிகளில் பள்ளி விடுமுறைக் காலத்தில் பாம்பைக் கைக்குக் கை மாற்றிப் புகைப்படம் எடுக்க விடுகிறார்கள். "பயம் போகணும், அதுக்குத்தான்" என்கிறார்கள். காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை, ஏர்கோன் குளிரில், ஒலிபெருக்கி அதிர்வில், நூற்றுக்கணக்கான கைகள். வாரத்துக்கு இருமுறை பதினைந்து நிமிடம் என்று மேலே சொன்ன அதே உயிருக்கு இது. பாம்பின் தோலிலும் எச்சத்திலும் சல்மோனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத்தான் அது கடுமையாகத் தாக்கும். அமெரிக்காவில் சிறிய ஆமைகளின் விற்பனையை 1975இலேயே தடை செய்ததற்குக் காரணம் இந்தக் கிருமிதான். புகைப்படம் எடுத்த பிள்ளை கை கழுவாமல் அடுத்த கடையில் ரொட்டி சானாய் பிய்த்துத் தின்கிறது.

அதைவிடவும் பெரிய கேடு பயம் போய்விடுவதே. நம் லோங்காங்கில் வருவது பால் பைத்தன் அல்ல. விஷத்தைக் கண்ணை நோக்கித் துப்பும் நாகம். அதன் குட்டி ஓர் அடி நீளம்கூட இருக்காது, கறுப்பாய்ப் பளபளவென்று பிள்ளைக்குக் கவர்ச்சியாக இருக்கும். 'பாம்பைக் கையில் எடுக்கலாம்' என்று சனிக்கிழமை கற்றுக்கொண்ட பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வாசலில் அதைக் காண்கிறது. நாம் அதற்குக் கற்பித்திருக்க வேண்டியது: நில், பின்வாங்கு, பெரியவரைக் கூப்பிடு, 999க்கு அழைக்கச் சொல். கண்ணில் விஷம் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி மருத்துவமனைக்கு ஓடு.

வனவிலங்குக் கண்காட்சி நடத்த வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த அனுமதியில் ஒரு பாம்பை ஒரு நாளில் எத்தனை நிமிடம் கையில் எடுக்கலாம், எத்தனை நாள் ஓய்வு தர வேண்டும், இரை எடுத்த தேதியையும் சட்டை உரித்த தேதியையும் காட்டும் ஏட்டைக் கூண்டின் மேலேயே தொங்கவிட வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை எழுதிச் சேர்க்கும்படி கேட்கிறேன். பேரங்காடிக்குப் போகும் பெற்றோரும் அந்த ஏட்டைக் கேட்கத் தொடங்கலாம்.